ஒரு கிலோ பருப்பும் ஒரு திகதியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைக்குத் தடுப்பூசி போடாத தாயைக் கண்டால் அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், உதய்பூர்ப் பகுதிக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, புதிதாக எதுவும் செய்யப்படாத கிராமங்களில் எல்லா ஊசிகளும் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 6 பேர். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 பேர். முகாமுடன், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், முழுவதும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடங்களில் 39 பேர். கூட்டம் பெருகியதால், பருப்பின் விலையைச் சேர்த்தும் ஒரு பிள்ளைக்கான செலவு ஏறக்குறையப் பாதியாகியது.

அந்தத் தாய்மார் ஊசியை வெறுக்கவில்லை. வேலை, தூரம், போனால் பூட்டிக் கிடக்கும் நிலையம். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விட்டார்கள். பருப்பு, இன்றைக்கே போக ஒரு காரணமாயிற்று. ஆனால் முகாம் ஒழுங்காக நடந்திராவிட்டால் பருப்பாலும் பயனில்லை.

எங்கள் நாட்டில் பருப்பு தேவைப்படவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். கிளினிக் அட்டையில் அடுத்த திகதியை எழுதித் தருவார். 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது.

அந்த ஊசி எம் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. எமக்கிருப்பது பப் பரிசோதனை. 35 வயதில் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். பிள்ளைகளின் ஒரு திகதியையும் தவறவிடாத நான், என்னுடையதை நான்கு வருடம் ஒத்திப்போட்டேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு நாள் தொலைபேசியில், "செவ்வாய்க்கிழமை எட்டரைக்குக் கிளினிக் வாசலில் நிற்பன், வாடி" என்றாள். போனேன். ஆரம்ப மாற்றம் ஒன்று தெரிந்தது; சிகிச்சை பெற்று இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

உள்ளூரிலும் கடல் கடந்தும் வாழும் என் சகோதரிகளே, இன்றிரவு ஒரு தோழியை அழையுங்கள். "செய்துவிட்டாயா?" என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். "எந்த நாள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.