கதை எங்கிருந்து வருகிறது?



நாவல் எழுத ஆசைப்படும் வாலிபர் சிலர், அதற்குக் கருத்து எங்கே கிடைக்குமென்று கேட்டதால் இன்று இவ்விஷயத்தைப் பேச வந்தோம். நாம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பண்டிதரல்ல. நம் புத்திக்கு எட்டியதைச் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள்.

சரஸ்வதி நாக்கில் எழுதினால்தான் கதை வருமென்று நம்மவர் வெகுகாலமாய்ச் சொல்லிவருகிறார்கள். அப்படியானால் எழுதுகிறவனுக்கு என்ன வேலை? சாய்வு நாற்காலியில் படுத்து அருளுக்குக் காத்திருக்க வேண்டியதுதானே! காத்திருந்தவர்களுக்குத் தூக்கந்தான் வந்தது.

பிரெஞ்சு தேசத்து எமில் ஜோலா என்பவர் சுரங்கத் தொழிலாளரைப் பற்றி எழுத எண்ணியபோது என்ன செய்தார்? அவர்களுக்கு வரும் வியாதிகளைப் பற்றிய வைத்தியப் புஸ்தகம்வரை படித்தார். 1884-ம் வருஷம் பிப்ரவரியில் ஆன்ஸான் நிலக்கரிப் பிரதேசத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கேயே போனார். தொழிலாளர் வீடுகளைப் பார்த்தார், சுரங்கத்துக்குள் இறங்கினார், கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தாள் வைத்து வயது, உடம்பு, குணம் எல்லாம் எழுதினார். பிறகுதான் கதை. 1885-ல் வந்த 'ஜெர்மினால்' என்னும் அந்த நாவலில், பத்து வருஷமாய் வெளிச்சம் காணாமல் பூமிக்கடியில் வண்டியிழுக்கும் குதிரை ஒன்று வருகிறது. நாற்காலியில் படுத்திருந்தவனுக்கு அந்தக் குதிரை கிடைத்திருக்குமா? 1902-ல் ஜோலாவின் சவ ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் அந்தப் புஸ்தகத்தின் பெயரையே கோஷமிட்டுப் போனார்கள்.

நாமும் ஒரு தப்புச் செய்தோம். நெசவாளர் கஷ்டத்தைக் கதையாக எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தோம். அடைமழையில் இராப்பகலாய் ஒருவன் நெய்வதாக உருக்கமாய் எழுதியிருந்தோம். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, மழை பிடித்தால் தெருவில் பாவு போடமுடியாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும். நெய்கிறதெங்கே? நாங்கள் பட்டினி கிடக்கிறதே அந்த நாளில்தான்" என்றார். வெட்கிப்போனோம். ஆனால் உண்மையான கதை அவர் வார்த்தையிலல்லவா இருந்தது! அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி போட்டோம். மழைநாளில் கடன் கொடுப்பது யார்? எதை ஈடு வைத்து? கடன் தீருமட்டும் கூலியை நிர்ணயிப்பது யார்? மகன் தறியை விட்டு ஓடினால் கடன் யார் தலையில்? பத்துக் கேள்வி முடியுமுன் பாதி நாவல் கைக்கு வந்துவிட்டது.

நேரமில்லை என்பீர்கள். இங்கிலாந்தில் ஆன்தனி டிராலோப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை ஐந்தரைக்கே மேஜைக்கு வந்து, முதல் அரைமணி முந்தின நாள் எழுதினதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 வார்த்தை எழுதுவார். இப்படியே 47 நாவல். வார்த்தையை எண்ணுவது நமக்கு அவ்வளவு பிடித்தமில்லை. முந்தின நாளையதைப் படிக்கும் பழக்கம் மட்டும் மிக உபயோகமானது. அறுந்த நூல் அங்கேதான் அகப்படும்.

அந்தப் பெரியவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. திருத்திய கதையைப் போன மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் படித்துக் காட்டினோம். கூலிக் கணக்குப் பார்க்கும் இடம் வந்ததும் கையை உயர்த்தி, "இதுவும் தப்பு" என்றார். அந்த அத்தியாயத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.