இந்திரன் பூனையானால் எடை எங்கே போயிற்று?



இந்தச் சுசீந்திரத்திற்குப் பேர் வந்ததற்கே ஒரு கதை சொல்லப்படுகிறது. அகலிகையைக் கெடுத்த இந்திரன் இங்கு வந்து சுத்தமானானாம். சுசி என்றால் சுத்தம். அவன் நடுநிசியில் சேவலாய்க் கூவிக் கௌதமரை ஏமாற்றினான் என்பது ஊர்ப் பேச்சு. பிடிபட்டதும் பூனையாகி நழுவினான் என்பது கம்பர் பாட்டு. கதை கதையாய் இருக்குமட்டும் நமக்குச் சண்டையில்லை. நடந்ததே இது என்று ஒருவர் சாதித்தால், அவர் முன் ஒரு தராசை மாத்திரம் வைப்போம்.

இந்திரனுக்கு எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு 4 கிலோ. பாக்கி 56 கிலோ எங்கே? வடசேரிச் சந்தையில் உங்கள் 60 கிலோ நெல் 4 கிலோவாக நின்றால் சும்மா விடுவீர்களா?

பூனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றால், அந்தப் பூனை தண்ணீரைப் போல் 15 மடங்கு கனமாகும். ஈயமே 11 மடங்குதான். அது கூரை ஏறினால் ஓடு தாங்குமா?

சக்தியாக மாறிவிட்டது என்பார்கள். பொருள் சக்தியாகும் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னது மெய்தான். ஆனால் 1945-இல் ஹிரோஷிமாவை அழித்த குண்டில் அப்படி மாறியது ஒரு கிராமுக்கும் குறைவு. 56 கிலோ மாறினால், கூடங்குளத்து 1000 மெகாவாட் உலை ஒன்று 160 வருஷம் ஓயாமல் தரும் மின்சாரத்தின் அளவு சக்தி ஒரே நொடியில் வெளிப்படும். பிறகு சாபமிடக் கௌதமர் ஏது? ஆசிரமந்தான் ஏது?

இன்னொன்று. மனித மூளை சுமார் 1400 கிராம். பூனை மூளை சுமார் 30 கிராம். தான் இந்திரன் என்ற நினைவை அவன் எங்கே வைத்துக்கொண்டான்?

அப்படியானால் உருமாற்றமே கிடையாதா? உண்டு. நம் வயலில் தலைப்பிரட்டை தவளையாகிறது. அதற்கு வாரக்கணக்காகிறது. வால் கரைந்து உடம்புக்கே இரையாகிறது. எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, மந்திரம் இல்லை.

கதைதானே, போகட்டும் என்பீர்கள். இந்திரன் கொதிக்கும் நெய்யில் சுத்தமானான் என்ற கதையின் பேரால் இதே கோயிலில் கைமுக்கு நடந்தது. பெண் விஷயத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கைவிட வேண்டும், வெந்தால் குற்றவாளி. நெய்க்கு நியாயம் தெரியுமா? குற்றவாளியின் தோலையும் நிரபராதியின் தோலையும் சூடு ஒன்றுபோலவே சுடும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் (1829–1846) அது ஒழிந்தது. ஜெர்மனியிலோ, ஓநாயாக மாறியவன் என்று சொல்லி 1589-இல் பீட்டர் ஸ்டம்ப் என்பவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். எடை எங்கே போயிற்று என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே! ஒரு ஏழைக் கிழவியைக் காட்டி, இவள் இராத்திரியில் பூனையாய் வருகிறாள் என்று நாளை எவனாவது சொன்னால், கூட்டத்தோடு ஓடாதீர்கள். பாக்கி எடை எங்கே என்று கேளுங்கள். பதில் வருகிறவரையில் அவள்மேல் ஒருவன் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.