கத்தாழைக் கல்



சென்னை வானொலி நிலையத்தை விட்டு வெளியே வந்து, கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் நொச்சிக்குப்பம் வந்துவிடும். காலையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்குப் பழகிய வழிதான். போன மாதம் அங்கே ஒரு அம்மா எனக்குக் கத்தாழை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு அவருடைய மகள். வெட்டி ஒதுக்கிய மீன் தலையை அந்தப் பெண் எடுத்தாள், அரிவாள்மணையின் கட்டையில் வைத்து ஒரு நசுக்கு நசுக்கினாள், உள்ளேயிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துப் பாவாடையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். மொச்சைக் கொட்டை அளவு இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மேடும் பள்ளமும். பீங்கான் போலக் கனம்.

“கத்தாழை கல்லு சார். இதவெச்சு நாங்க வெளாடுவோம்.”

“மீன் தலைக்குள்ள கல் எதுக்கும்மா?” என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, “அது பொறக்கறப்பவே இருக்குது சார்” என்றார். அந்தப் பெண் விடவில்லை. “எதுக்கு சார்? எந்தப் புக்குல போட்டிருக்கு?”

எதற்கு என்பதற்கு விடை உண்டு. அது மீனின் காதுக்கல். மீனுக்கு வெளியே தெரியும் காது மடல் கிடையாது, காது தலைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரில் ஓசை அதிரும்போது மீனின் உடம்பும் கூடவே அதிரும். கல் கனமானது, அதனால் சற்றுப் பின்தங்கி அசையும். அந்த வித்தியாசத்தை அதன் கீழே உள்ள நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. மீன் ஓசை கேட்பதும், இருட்டுத் தண்ணீரில் மேல் எது கீழ் எது என்று அறிவதும் இப்படித்தான். கத்தாழை வகை மீன்களுக்கு இந்தக் கல் பெரிதாகவே இருக்கும். அவை ஓசை எழுப்பும் மீன்களும்கூட. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து உறுமும்.

இன்னும் ஒன்று. கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. நாளுக்கு ஒரு படலமாக வளர்கிறது. 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர், காதுக்கல்லை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நாளுக்கொன்றாகப் படிந்த வளையங்களைக் கண்டு எழுதினார். அதாவது மீன் குஞ்சு எத்தனை நாள் வாழ்ந்தது என்ற கணக்கு அதன் தலைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இதை எண்ணத் தெரிந்தவர்கள் தொலைவில் இல்லை. சாந்தோம் நெடுஞ்சாலை 75ஆம் எண் வளாகத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை நிலையம் இருக்கிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே போகலாம்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த கல்லும், ஆய்வாளருக்குத் தெரிந்த கல்லும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு புத்தகம் இருக்க வேண்டும். தமிழில், அவள் வயதுக்கு, அவள் வாயில் வரும் பெயரோடு.

இது புதிய ஆசை இல்லை. இதே கடற்கரையில், சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகம் இயங்கியது. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய கழகம் அது. அங்கே பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை, பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இசைக் கச்சேரிகளில் அவர் பாட்டைக் கேட்கிறவர்கள் பலர், அவர் செய்த இந்த வேலையை அறிந்தவர்கள் குறைவு. இத்தனை ஆண்டு உழைத்த மனிதர் ஓய்வு கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. 1968இலேயே குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம் வெளிவரத் தொடங்கியது. அதுவும் பத்துத் தொகுதி. 1976இல் நிறைவடைந்தது. பெரியவர்களுக்குச் செய்ததைச் சுருக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் போதும் என்று கழகத்தார் நினைக்கவில்லை. குழந்தைக்கென்றே படங்களோடு தனியாக எழுதினார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது, குழந்தைக்குச் செய்த மரியாதை. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். 

தூரனுக்கு முன்பே, வழக்கறிஞராக இருந்த பெ. நா. அப்புஸ்வாமி எளிய தமிழில் அறிவியல் எழுதிக் காட்டியிருந்தார். பிறகு மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்கள், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் என்று அந்தச் சரடு அறுபடாமல் வந்திருக்கிறது.

ஆனாலும் இன்று கடைகளில் அறிவு நூல் என்ற பெயரில் அதிகம் கிடைப்பது வினா விடைத் தொகுப்பு. மிகப் பெரிய விலங்கு எது, மிக உயரமான சிகரம் எது. பிள்ளை பதில் சொன்னதும் கேள்வி செத்துப்போகிறது. நல்ல புத்தகமோ பதிலின் வாலில் அடுத்த கேள்வியைக் கட்டி அனுப்பும்.

பெயர் விஷயத்திலும் ஒரு வருத்தம் உண்டு. தை, மாசி, பங்குனியில் நம் கரைக்கு முட்டையிட வரும் கடலாமையைப் புத்தகங்கள் ‘ஆலிவ் ரிட்லி’ என்கின்றன. குப்பத்தில் அது பங்குனி ஆமை. எந்த மாதத்தில் வரும் என்ற சேதி பெயரிலேயே இருக்கிறது. 1988 முதல் மாணவர்கள் இரவில் இந்தக் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்பது அறிவியல். ‘பங்குனி ஆமை’ என்று தொடங்கி இதைச் சொன்னால் குப்பத்துப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ‘ஆலிவ் ரிட்லி’ என்று தொடங்கினால், தான் பார்த்தே இராத ஏதோ ஒரு பிராணி என்று பக்கத்தைத் திருப்பிவிடும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் அந்த வீடுகளில் பெயர் இருக்கிறது. பருவக்காற்றைப் பற்றிய பாடத்தில் இவற்றில் ஒன்றாவது வர வேண்டாமா?

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாளே, என் அலமாரியில் இருந்த எதிலும் கத்தாழைக் கல் இல்லை. ஆகவே நானே ஒரு பக்கம் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டுபோனேன். மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாய்விட்டுப் படித்தாள். நாளுக்கொரு வளையம் என்ற இடத்தில் நிறுத்தி, கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு முதல் வரிக்குத் திரும்பினாள்.

“சார், தலைக்குள்ள ஒரு கல் இருக்கும்னு போட்டிருக்கீங்க. ரெண்டு இருக்கும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.”

இன்னொரு தலையை நசுக்கி, இரண்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடைய பேனாவையே வாங்கி, முதல் வரியைத் திருத்தினேன்.