வரப்பில் நடந்த கணக்கு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1980 வரை கர்ணம் என்றொரு உத்தியோகம் இருந்தது. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை என்பார்கள். வரி தண்ட மணியக்காரர், ஓடியாட தலையாரி, எழுத்து வேலைக்குக் கணக்குப்பிள்ளை. எழுத்தாளர் கல்கியின் தந்தையார் புத்தமங்கலத்தில் பார்த்தது இந்த வேலைதான். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் இதைத்தான் பார்த்தார்.

சம்பளம் சொற்பம். அதை நம்பி அடுப்பு எரியாது. தாத்தாவுக்குப் பன்னிரண்டு மா நிலம் இருந்தது. இன்றைய கணக்கில் நாலு ஏக்கர். அதுதான் சோறு போட்டது. காலையில் மண்வெட்டி, பத்து மணிக்கு மேல் பேனா. மடித்துக் கட்டிய வேட்டியில் சேறு காய்வதற்குள் திண்ணையில் ஆள் காத்திருப்பார்கள்.

நமக்கெல்லாம் ஆண்டு ஜனவரியில் பிறக்கும், இல்லையென்றால் சித்திரையில் பிறக்கும். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் ஜூலை முதல் தேதி பிறக்கும். அதற்குப் பசலி ஆண்டு என்று பெயர். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவு நடக்கும்போது அவருடைய அடங்கலில் புதுப் பக்கம் புரளும். அடங்கல் என்பது ஊர் நிலத்தின் பயிர்க் கணக்கு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே யாருடைய நிலம், இந்தப் போகம் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்த வாய்க்கால் தண்ணீர் என்று எழுத வேண்டும். விளைச்சலை அணாவில் சொல்வார்கள். பதினாறு அணா என்றால் முழு விளைச்சல், எட்டணா என்றால் பாதி. பயிர் சாவியாகப் போனால் அதையும் எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் தீர்வை தள்ளுபடியாகும்.

வீட்டில் உட்கார்ந்தும் இதை எழுதிவிடலாம். போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்துப் படியெடுத்தால் போதும். அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். தாத்தா மாதம் தவறாமல் வரப்பில் நடந்தார். அவரே விவசாயி என்பதால் பயிரைப் பார்த்தே விளைச்சலைச் சொல்லத் தெரியும். நின்ற பயிரில் கதிரை உருவிப் பார்த்து, இது பத்தணாவுக்கு மேல் தேறாது என்பார். களத்தில் தூற்றும்போது அநேகமாக அதுதான் தேறும்.

அவருக்கு வரும் வழக்குகளில் பாதி வரப்பு வழக்கு. பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அளவு வரப்பைச் சீவுவார். பத்து வருஷத்தில் ஓர் அடி நகர்ந்திருக்கும். தாத்தா புலப்படத்தை எடுத்துக்கொண்டு சங்கிலியோடு கிளம்புவார். அளவுச் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணி. எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்துவிட்டால் சண்டை முடிந்த மாதிரி. கல்லே காணாமல் போயிருந்தால் இரண்டு பேரையும் சங்கிலியின் இரண்டு முனையைப் பிடிக்கச் சொல்வார். தானே அளந்த அளவை யாரும் பொய் என்று சொல்ல முடியாதே என்பார்.

1977 நவம்பர் 12. நாகப்பட்டினம் புயல். பழைய தஞ்சை மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாத நாள். தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, சம்பாப் பயிர் தண்ணீரில் படுத்தது. சேதக் கணக்கு எழுத வேண்டியவர் கணக்குப்பிள்ளை. தாத்தா முழங்கால் தண்ணீரில் தெருத் தெருவாகப் போனார். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத வீடு இடிந்தால் இடிந்த வீடுகளின் பட்டியலில் அது வருமா என்று பயந்துபோய் நின்றார்கள். ‘இடிஞ்சது வீடுதானே, பட்டா இல்லையே’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு பாட்டி கேட்டாளாம். ‘ஊருக்கெல்லாம் எழுதினீங்க. நம்ம வயல்ல பாதி போச்சே, அதை எழுதலையா?’ தாத்தா சொன்னது: ‘அதை வருவாய் ஆய்வாளர் வந்து பாத்து எழுதட்டும். என் வயலை நானே எழுதினா, மத்த வயலுக்கு எழுதினதையும் எவன் நம்புவான்?’ பாட்டிக்கு இந்தப் பதில் கடைசி வரை பிடிக்கவில்லை. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டியது அவள்தானே. அவளுடைய கோபமும் நியாயம்தான்.

வீட்டுக் கணக்கை அவர் எழுதியதே கிடையாது. அது பாட்டியின் இலாகா. பால் கணக்கு அடுக்களைச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். மாதக் கடைசியில் பால்காரரும் பாட்டியும் எண்ணுவார்கள், தாத்தா வாய் திறக்க மாட்டார். ஆனால் பெண் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒன்றை எண்பதாகப் பங்கிட்டால் காணி, முந்நூற்று இருபதாகப் பங்கிட்டால் முந்திரி என்று திண்ணையில் புளியங்கொட்டையை வைத்துச் சொல்லுவார். என் அம்மா கணக்கு டீச்சரானது அந்தத் திண்ணையில்தான்.

ஊருக்கு ஊர் எல்லாக் கணக்குப்பிள்ளையும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கனைப் பற்றிய நம் பழமொழிகளில் பாராட்டு குறைவு. அதற்குக் காரணம் உண்டு. எழுதத் தெரியாதவனின் நிலம் பேனா முனையில் பெயர் மாறிய கதைகள் எல்லா ஊரிலும் கேட்கும். வேலையும் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றியது. 1895-ல் வந்த சென்னை மாகாணச் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. பரம்பரையைப் பார்த்து அரசு வேலை தருவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்னது. 1980 நவம்பர் 14-ஆம் தேதி தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இந்தப் பகுதி நேரப் பதவிகளை ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் இன்று அந்த இடத்தில் இருக்கிறார். யார் வீட்டுப் பிள்ளையும் அந்த நாற்காலிக்கு வரலாம். வந்திருக்க வேண்டிய மாற்றம்.

தாத்தா கணக்குகளை ஒப்படைத்துவிட்டு முழு நேர விவசாயியானார். புது அலுவலர் இளைஞர். எல்லைக் கல் தெரியாத இடத்துக்கெல்லாம் தாத்தா கூடவே போய்க் காட்டினார். அதற்குச் சம்பளமும் கிடையாது, அவர் கேட்கவும் இல்லை.

இப்போது பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கின்றன. வட்ட அலுவலகத்தில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. பயிர்க் கணக்குக்கும் கைப்பேசிச் செயலி வந்துவிட்டது. ஆனால் அந்தச் செயலியும் வயலில் ஒருவர் போய் நின்று பயிரைப் படம் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. நடக்காமல் எழுதிய கணக்கு ஏட்டில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் ஒன்றுதான். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் இன்றைக்கும் அடங்கலின் அந்த ஒரு வரி வேண்டும்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் பழைய கணக்குப்பிள்ளை வீடு ஒன்று இருக்கும். அவர் எழுதிய கணக்கு உங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்படியே உங்கள் நிலத்தின் புல எண் என்ன, எல்லைக் கல் எந்த மூலையில் இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள்.