துணியோடு போகும் டீசல் வரி

திருப்பூரில் ஒரு பனியன், கடைக்குப் போவதற்கு முன்பே ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நூல் மூட்டை நிட்டிங்குக்கு வருகிறது. அங்கே துணியாகி, உருளை உருளையாகக் குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டியில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறிய துணி காம்பாக்டிங்குக்கு, அங்கிருந்து கட்டிங்குக்கு, வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங்குக்கு, பிறகு தையலுக்கு, செக்கிங்குக்கு. எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் முடித்துக்கொள்ளும் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனாலும் இந்த ஊர், ஒவ்வொரு வேலையையும் வெளியே கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் நிற்கிற ஊர். சரக்கு கை மாறும்போதெல்லாம் ஒரு வண்டி வாடகை விழுகிறது. அந்த வாடகைக்குள் டீசல் இருக்கிறது, டீசலுக்குள் வரி இருக்கிறது. பங்க் பலகையில் எழுதியிருக்கும் விலையைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். அந்த வரி பங்கை விட்டுக் கிளம்பிய பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்பதை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

கச்சா எண்ணெய் எந்த நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். சுத்திகரிப்புச் செலவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாட்டுக்கு நாடு விலை மாறுவதற்குப் பெரும் காரணம் அந்தந்த அரசு போடும் வரி, அல்லது கொடுக்கும் மானியம். அமெரிக்காவின் மத்திய அரசு ஒரு கேலன் டீசலுக்கு 24.4 சென்ட் வரி வாங்குகிறது. 1993இல் வைத்த விகிதம் அது; லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாறு ரூபாய். மாநில வரி தனி. பிரிட்டனில் 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்த பிறகும் லிட்டருக்கு 52.95 பென்ஸ் தீர்வை இருந்தது. நம் பணத்தில் அறுபது ரூபாயை ஒட்டி வரும். அதற்கு மேல் 20 சதவீதம் வாட். இங்கே 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு டீசலுக்கு மத்திய கலால் 17 ரூபாய் 80 காசாக இருந்தது. தமிழ்நாட்டின் வாட் 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. ஆக, 92 ரூபாய் சொச்சம் கொடுத்து வாங்கிய ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 ரூபாய் இரண்டு அரசுகளுக்கும் போனது. பிரிட்டனோடு ஒப்பிட்டால் நம் வரி குறைவு என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொல்பவர்கள் கணக்கில் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் பதிவுபெற்ற ஒரு நிறுவனம் தொழிலுக்காக டீசல் போட்டால், அந்த 20 சதவீத வாட்டைத் திரும்பப் பெறலாம். தீர்வை மட்டும் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகள் சரக்கு லாரிகளுக்குத் தீர்வையிலேயே ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. ஆக, சொந்தக் காரில் போகிறவர் முழு வரியைச் சுமக்கிறார். சரக்கு ஏற்றுகிறவருக்குச் சுமை குறைகிறது. நம் ஊரில் கதை வேறு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் வெளியே நிறுத்தப்பட்டன. நூலுக்குக் கட்டிய வரிக்கு இன்புட் எடுக்கலாம், அதாவது அதை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். டீசலுக்குக் கட்டியதற்கு எடுக்க முடியாது. அது வண்டி வாடகையில் தங்கி, வாடகை ஜாப் ஒர்க் கூலியில் ஏறி, அந்தக் கூலி மீது மறுபடியும் ஜி.எஸ்.டி. விழுகிறது. வரிக்கே வரி. சரக்கு எத்தனை வாசல் ஏறி இறங்குகிறதோ, அத்தனை முறை. ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்க்கும் பெரிய ஆலையைவிட, வேலையைப் பத்துப் பட்டறைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஊரைத்தான் இந்த வரி அதிகம் தொடுகிறது.

ஏற்றுமதிக்காரர்களுக்குத்தான் இதைத் திருப்பித் தருகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 மார்ச் முதல் ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கு மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் திட்டம் நடக்கிறது. போக்குவரத்து எரிபொருள் மீதான வரியும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் அது ஏற்றுமதி மதிப்பில் ஒரு சராசரி விகிதமே தவிர, யார் எவ்வளவு டீசல் எரித்தார் என்று பார்த்துக் கொடுப்பதல்ல. உள்நாட்டுக்கு ஜட்டி, பனியன் தைப்பவருக்கு அதுவும் கிடையாது. அதே உள்நாட்டுச் சந்தைக்குப் போட்டியாக வரும் வங்கதேசத்து ஆடைகளுக்கு 2011லேயே சுங்க வரி விலக்குக் கொடுத்துவிட்டோம். 2025 மே மாதம் தரைவழியை அடைத்தாலும் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் திறந்தே இருந்தன. அந்த ஆண்டு அங்கே டீசல் லிட்டர் நூறு டாக்காவுக்குச் சற்று மேலே, அதாவது நம் பணத்தில் எழுபது ரூபாயை ஒட்டி விற்றது. திருப்பூர்க்காரர் அதோடு போட்டி போட வேண்டும்.

ஒரு பனியனில் டீசல் வரி சில காசுகள்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், கூலியும் நூல் விலையும் மின்கட்டணமும் இதைவிடப் பெரிய செலவுகள். ஆனால் பீஸ் ரேட்டைக் காசுக் கணக்கில் பேரம் பேசும் தொழிலில், சில காசு என்று தள்ளிவிட எதுவும் இல்லை.

கனமான மறுப்பு அரசு வருவாய் பற்றியது. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு மாநிலத்தின் கையில் மிஞ்சிய பெரிய விற்பனை வரிகள் எரிபொருள் மீதும் மது மீதும் போடுபவைதான். 2025 ஏப்ரலுக்குப் பிறகான 17 ரூபாய் 80 காசு கலாலில் மாநிலங்களோடு பங்கிடப்பட்ட அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்று மத்திய அரசிடமே நின்றது. இந்த நிலையில் சென்னை தன் வாட்டை இறுகப் பிடித்துக்கொள்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், எரிபொருளை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரும் பேச்சை எடுத்த வேகத்தில் கீழே வைத்ததற்கும் காரணம் இதுதான். அதனால் வரியை ஒட்டுமொத்தமாகக் குறைக்கச் சொல்வது என் வாதமல்ல. குறைத்தால் காருக்கும் சேர்த்துத்தான் குறையும். கலால் இருக்கட்டும், அதன் மேல் வரும் வாட் பகுதிக்கு மட்டும், தொழிலுக்கு எரித்த டீசல் என்றால், இன்புட் எடுக்க வழி செய்ய வேண்டும். அதில் மாநிலத்துக்கு விழும் துண்டை, பங்கிடாத செஸ்ஸிலிருந்து மத்திய அரசு ஈடுகட்டலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லாரிகளுக்குத் தீர்வையைத் திருப்பித் தரும் ஐரோப்பிய விதியை அப்படியே எடுத்து வந்தால் அந்தச் சலுகை ஏழரை டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்குத்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் வண்டிக்கு அது கிடைக்கும். சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் நடுவே நாள் முழுக்க ஓடும் குட்டியானைக்குக் கிடைக்காது. அதன் ஓனர் பெரும்பாலும் அதன் டிரைவரேதான்; ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் அளவுக்கு அவருக்கு வரவு இல்லை. எனவே எடையை வைத்து அளக்காமல், மஞ்சள் நம்பர் பிளேட்டை வைத்து அளக்க வேண்டும். இன்புட்டை வண்டிக்காரர் பெயரில் வைக்காமல், வாடகை கொடுக்கும் கம்பெனியின் கணக்கில் சேர்க்க வேண்டும். பொய் பில் வராதா என்றால், வரும். நூலுக்கும் சாயத்துக்கும் பொய் பில் வருகிறது என்பதற்காக அவற்றுக்கு இன்புட் கொடுப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை.