நீரிறைக்கும் பம்பியின் அதிர்வும் கிணற்றுக் கட்டும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு வாய்க்காலே உயிர். நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோர மணற்பூமியில் தோட்டஞ் செய்வோருக்கோ கிணறும் பம்பியுமே துணை. அப்பம்பியின் அதிர்வினாற் கிணற்றுக் கட்டு வெடிப்பதையும் குழாய் மூட்டுத் தளர்வதையும் உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். உறிஞ்சு குழாயின் மூட்டுத் தளர்ந்தாற் காற்று உட்புகும், நீர் ஏறாது, பயிர் வாடும்.

அதிர்வு கட்டிற்குக் கடத்தும் வலுவை நாம் மதிப்பிடலாம். பம்பியின் பாதம் கட்டைத் தள்ளும் விசையை, கட்டு அசையும் வேகத்தாற் பெருக்குதல் வேண்டும். விசை சராசரி 100 நியூற்றன், அதாவது பத்துக் கிலோ பாரத்திற்கு நிகர் எனவும், வேகம் செக்கனுக்கு 5 மி.மீ. எனவும் கொள்வோம். இரண்டும் ஒத்துச் செல்லின் வலு அரை வாற்று. ஒவ்வாதாயின் அதனினுங் குறையும்.

அரை வாற்று சிறிதன்றோ என்பீர்கள். நாளொன்றுக்கு 6 மணி நேரம் பம்பி ஓடினால் 10,800 யூல் சக்தி கட்டினுள் இறங்கும். எறும்பூரக் கல்லுந் தேயும்.

இதனைத் தடுப்பதெவ்வாறு? முதலாவது, பம்பியைக் கிணற்றுக் கட்டின்மேல் வையாது, விலகிய தனிக் கொங்கிறீற்று மேடையில் நிறுத்துக.

இரண்டாவது, பாதத்தின்கீழ் மீள்தன்மையுள்ள தாங்கி இடுக. நிமிடத்திற்கு 1,450 முறை சுழலும் மின்மோட்டர் செக்கனுக்கு ஏறத்தாழ 24 முறை அதிரும். அதன் பாரத்தால் 3 மி.மீ. அமுங்கும் சுருள்வில் தாங்கி, கீழே செல்லும் விசையை ஏறத்தாழ ஆறிலொரு பங்காக்கும். இறப்பர்த் தாங்கியின் பயன் இதனிற் சற்றுக் குறைவு. பாரத்திற்குப் பொருந்தாத கடின இறப்பரோ ஆட்டத்தைப் பெருக்கவுங் கூடும்.

மூன்றாவது, குழாய் வழியையும் மறவாதீர். கதவை அடைத்துச் சாளரத்தைத் திறந்துவைத்தல் போல, விறைப்பான குழாய் அதிர்வைக் கட்டிற்குக் கொண்டுசெல்லும். பம்பிக்கும் குழாய்க்கும் இடையில் வளையுங் குழாய்த் துண்டொன்றைப் பொருத்துக. உறிஞ்சு பக்கத்தில் அது சப்பையாகாதவாறு கம்பிச் சுருள் உள்ளதாயிருத்தல் வேண்டும்.

இறுதியாக எளிய சோதனையொன்று. நீர் நிறைந்த கிண்ணத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துப் பம்பியை ஓட்டுக. நீர்மேல் எழும் சிற்றலைகளைத் தாங்கி இடுமுன்னும் இட்ட பின்னும் நோக்குக. அலை தணிந்தாற் கட்டிற்கு ஏறும் அதிர்வுந் தணிந்ததென அறியலாம். தணியாவிடின், மின்னை நிறுத்திவிட்டு ஆணிகளையுங் குழாய் வழியையும் மீண்டும் ஆராய்க.

கட்டைக் காத்தாற் கிணறு காக்கும். கிணறு பயிரைக் காக்கும்.