எந்த நாட்டின் வேளாண்மை தாங்கும்? – கருத்தரங்கத் தலைமை உரை



தலைமை ஏற்பவர் கருத்தரங்கின் தலைப்பைப் பாராட்டிவிட்டு அமர்வது மரபு. நம் தலைப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நாடுகளின் வேளாண்மை எவ்வளவு காலம் தாங்கும் என்று அளப்பது ஒன்று, அளந்ததை ஒப்பிடுவது மற்றொன்று. முதலாவதை மனமாரப் பாராட்டுகிறேன். இரண்டாவதில் எனக்குச் சில தகராறுகள் உண்டு. அவற்றை இப்போதே கொட்டிவிட்டால் அமர்வுகளில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

தழைச்சத்திலிருந்து தொடங்குகிறேன். 2015-இல் ஷின் ஜாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரசாயன உரம், எரு, பயறுவகைகள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது, மழையோடு வந்து படிவது என்று வயலுக்குள் வரும் தழைச்சத்தையெல்லாம் கூட்டி, அதில் எத்தனை பங்கு அறுவடையாக வெளியே போகிறது என்று கணக்கிட்டார்கள். 2010 நிலவரப்படி சீனாவில் நூற்றுக்கு 25, இந்தியாவில் 30, ஐரோப்பாவில் 52, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 68. மிச்சம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகக் கலக்கிறது, அல்லது அம்மோனியாவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில் போகிறது. நாம் தலைகுனிய வேண்டிய எண்தான். யூரியாவை மட்டும் மலிவாக வைத்திருக்கும் மானியத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சரி, அந்தப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு. அங்கே 72.

அங்குள்ள உழவர் அத்தனை கச்சிதமாக உரமிடுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு உரம் வாங்க வழியே இல்லை. மண்ணில் இருக்கும் சத்தைப் பயிர் எடுத்துக்கொண்டு போகிறது, ஈடாக உள்ளே வருவது மிகக் குறைவு. தானிய விளைச்சல் சராசரியாக ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவிலேயே தடுமாறுகிறது. எண் இதைச் சிக்கனம் என்கிறது. அந்த மண்ணைச் சோதித்துப் பார்ப்பவர் பட்டினி என்பார்.

ஜாங் இதை அறியாதவர் அல்லர். விளைச்சலையும் சேர்த்து, இரண்டும் ஒருசேர நன்றாக இருந்தால்தான் நல்ல மதிப்பெண் என்று பின்னர் ஒரு குறியீட்டை உருவாக்கினார். யேல், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டின் வேளாண்மைப் பிரிவில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய குறியீட்டின் 2022 பதிப்பில் இந்தியாவுக்கு 180 நாடுகளில் 180-ஆம் இடம். மத்திய அரசு மறுப்பு வெளியிட்டது. பேச்செல்லாம் அந்தக் கடைசி இடத்தைச் சுற்றியே போனது. இட்ட உரத்தில் பெரும்பகுதி ஏன் பயிருக்குப் போய்ச் சேரவில்லை என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. தரவரிசை என்றாலே இப்படித்தான். நல்ல அளவீட்டைக்கூட விளையாட்டுச் செய்தியாக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடை செய்தது. ஹெக்டேருக்கு எத்தனை கிலோ உரம் என்ற ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் அது முன்னேற்றம். நவம்பரில் தடையை விலக்கும்போது காலம் கடந்திருந்தது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் சரிந்தது. எருவும் பசுந்தாளும் போதிய அளவு கிடைக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதை வன்னியில் எந்தக் கமக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். குறைவே நல்லது என்று ஒரு சுட்டியைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பூச்சிக்கொல்லிக் கணக்கிலும் கிலோதான் குழப்பம். திராட்சைத் தோட்டத்துக்குத் தெளிக்கும் கந்தகம் கிலோக் கணக்கில் போகிறது, விதைநேர்த்திக்குப் பயன்படும் புதிய நஞ்சுகளோ கிராம் கணக்கில். எடையைக் கூட்டினால் இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் குற்றவாளியாகிவிடும். டென்மார்க் 2013-இல் இதைத் திருத்தியது. பூச்சிக்கொல்லி வரியை, அந்தந்த மருந்து உடல்நலத்துக்கும் நீருக்கும் பிற உயிர்களுக்கும் தரும் பாரத்தைக் கணக்கிட்டு விதிக்கத் தொடங்கினார்கள். மற்ற நாடுகள் கடன் வாங்க வேண்டிய அளவுகோல் இது.

அடுத்த தகராறு, கையிருப்பு பற்றியது. 1980-களில் சவுதி அரேபியா பாலைவனத்தில் கோதுமை விளைவித்துத் தன்னிறைவு பெற்றது, ஏற்றுமதியும் செய்தது. விளைச்சல், உழவர் வருமானம், உணவுப் பாதுகாப்பு என்று அன்றைய எந்த அட்டவணையிலும் அது பிரமாதமாகத் தெரிந்திருக்கும். பாய்ச்சிய நீரோ, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறை அடுக்குகளில் தேங்கிய, மறுபடி ஊறாத நீர். 2008-இல் உள்நாட்டுக் கொள்முதலைக் குறைக்கத் தொடங்கி 2016-இல் அடியோடு நிறுத்தினார்கள். இதற்கிடையே 2014-இல் அந்நாட்டின் அல்மராய் என்ற பால் நிறுவனம் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கே நிலத்தடி நீரை இறைத்துக் குதிரைமசால் விளைவித்து, மாட்டுத்தீவனமாகக் கப்பலேற்றியது. நீர்ச்செலவு சவுதியின் கணக்கில் இறங்கி அரிசோனாவின் கணக்கில் ஏறியது. நெதர்லாந்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பிரேசிலிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சோயா வருகிறது. பாலும் இறைச்சியும் வெளியே போகின்றன. சாணமும் அம்மோனியாவும் மட்டும் உள்ளூரில் தங்கிவிடுகின்றன. 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தழைச்சத்து வெளியேற்றத்துக்கான அரசுத் திட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் நாடே கொந்தளித்தது. சோயாவுக்காகப் பிரேசிலில் அழிந்த காட்டையும் புல்வெளியையும் எந்த நாட்டின் பெயரில் எழுதுவது? எல்லைக்கோட்டோடு நின்றுவிடும் கணக்கில் இதற்கு விடை கிடைக்காது.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.4.1 என்ற சுட்டி இங்குள்ள பலருக்கு மனப்பாடம். உணவு வேளாண்மை அமைப்பு அதற்குப் பொறுப்பு. பண்ணைதோறும் போய்ப் பதினொரு செய்திகளைக் கேட்கிறார்கள். நிகர வருமானம், மண்ணின் கேடு, நீர் கிடைப்பது, உரமும் மருந்தும் கையாளும் விதம், கூலி, குடும்பத்தின் உணவு, நில உரிமை போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. பதினொன்றில் எது மிக மோசமோ அதுவே நாட்டின் எண். இந்த விதியை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். எந்தச் சத்து பற்றாக்குறையோ அதுவே விளைச்சலை நிர்ணயிக்கும் என்ற லீபிக்கின் விதியைப் படித்த நமக்கு இது புதிதும் அல்ல. சராசரி எடுத்தால், வற்றிப்போன ஆழ்குழாய்க் கிணற்றை நல்ல விலை கிடைத்த ஒரு பருவம் ஈடுகட்டிவிடும். கிணற்றில் நீர் என்னவோ ஊறப்போவதில்லை.

ஆனால் இதே சுட்டியை வைத்து நாடுகளை வரிசைப்படுத்த நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ஹெக்டேர் விளைச்சலின் மதிப்பில் பச்சை வாங்க, அந்தந்த நாட்டு முன்னணிப் பத்து விழுக்காட்டுப் பண்ணைகளின் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் போதும். கூலிக்கு அந்தந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலிதான் அளவுகோல். எத்தியோப்பியாவின் பச்சையும் பிரான்சின் பச்சையும் வேறு வேறு.

அதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இந்தச் சுட்டி நிலப்பரப்பின் விகிதம். நிலம் இல்லாதவருக்கு இதில் எடையே இல்லை, அவர் ‘கொடுக்கப்பட்ட கூலி’யாக மட்டும் தலைகாட்டுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடி. பெரும்பான்மையைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு நாட்டின் வேளாண்மை நீடிக்கும் என்று எப்படிச் சொல்வது? நில உரிமையிலும் இதே சிக்கல்தான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் காவிரிப் படுகையில் வாய்மொழிக் குத்தகை இன்றும் நடக்கிறது. அடங்கலில் பெயர் இல்லாமல் சாகுபடி செய்பவரின் முன் படிவத்தோடு நிற்கும் கணக்கெடுப்பாளர் எந்த நிறத்தைக் குறிப்பார்? அங்கே உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் ஒருவராவது இதைக் கையிலெடுத்தால் மகிழ்வேன்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். கரிசல் மானாவாரியை நெதர்லாந்தின் கண்ணாடிக் குடிலோடு நிறுத்தாமல், அதே அளவு மழை பெறும் ஆப்பிரிக்காவின் சகேல் நிலங்களோடு ஒப்பிடலாம். ஒரு நாட்டை அதன் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடலாம். நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் குறைகிறது, நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் கரைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாசனம் செய்பவருக்கு அது பயன்படும்.

கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எண் ஏக்கருக்கா, டன்னுக்கா, ஆளுக்கா என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இறக்குமதியைச் சேர்த்தீர்களா என்பதையும், கையிருப்பில் எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்லுங்கள். வண்ண வரைபடத்தைப் பிறகு காட்டலாம். முதல் அமர்வு நிலத்தடி நீர்மட்டத் தரவுகள் பற்றியது. அமர்வுத் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.